நாணயமாற்றில் நழுவும் ஆதாயம்

(அறக்கட்டளையின் விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சென்னை மாகாணத்தில் 1818-ஆம் ஆண்டு வரை வராகனே தலைமை நாணயமாக விளங்கிற்று. 80 காசு கொண்டது ஒரு பணம். 42 பணம் கொண்டது ஒரு வராகன். இவற்றோடு ரூபாயும், கடல்வழி வந்த வெள்ளி டாலரும் புழங்கின. ஒரு நாணயத்தைக் கொடுத்து மற்றொன்றைப் பெற வேண்டியவர் சராப்பு எனப்பட்ட நாணயமாற்றுக்காரரின் கடைக்குச் சென்றார். சராப்பு நாணயத்தைத் தட்டிப் பார்த்து, எடைபோட்டு, தமக்குரியதைப் பிடித்துக்கொண்டு மீதியை எண்ணித் தந்தார். அவ்வாறு பிடித்த தொகைக்குப் பழைய வணிக வழக்கில் வட்டம் என்று பெயர். வட்டம் கூடுதல் என்று தோன்றினால் வணிகர் அடுத்த கடைக்குப் போவார். இழப்பு உண்டு; ஆனால் அது கண்முன்னே நிகழ்ந்தது, அதற்கு ஒரு பெயரும் இருந்தது.

இன்று சராப்பின் பலகை இல்லை. சிற்றூரில் வாழும் ஒரு குடும்பம் நெகமத்துப் பருத்திச் சேலையையோ காரைக்குடிக் கண்டாங்கியையோ கைபேசியில் படமெடுத்து இணையத்தில் இட்டு, அமெரிக்காவில் உள்ள ஒருவருக்கு விற்றுவிட முடிகிறது. வாங்குபவர் டாலரில் செலுத்துகிறார். சில நாளில் வங்கிக் கணக்கில் ரூபாய் வந்து சேர்கிறது. இடையில் வட்டம் பிடிக்கப்படவில்லையா? பிடிக்கப்படுகிறது. அது தன் பெயரை இழந்து மாற்று விகிதத்திற்குள் ஒளிந்துகொண்டது என்பதே வேறுபாடு.

பெயரில்லாத இழப்பு பெருந்தீங்கு செய்யும். பல குடும்பங்களில் இணையக் கடையை இளையோர் நடத்துகின்றனர். வரவு செலவுப் பேரேட்டை மூத்தோர் எழுதுகின்றனர். இளையவர் டாலரை மட்டும் காண்கிறார். மூத்தவர் ரூபாயை மட்டும் காண்கிறார். இரண்டுக்கும் நடுவே கரைந்த தொகையை ஒருவரும் காண்பதில்லை. ஆண்டு முடிவில் ஆதாயம் குறைந்திருப்பது மட்டும் தெரிகிறது. அப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவர் நெசவாளர் ஒருவரே. ஆகவே குறைப்பு அவருடைய விலையில் விழுகிறது. எங்கோ நேர்ந்த கசிவுக்குத் தறியில் அமர்ந்திருப்பவர் ஈடு செய்கிறார். நாணயமாற்று இழப்பைக் கணக்கிட்டு அறிவது இலாபத்திற்கு மட்டுமன்று, நியாயத்திற்கும் வேண்டியதாகிறது.

நாணய மதிப்பு ஏன் நாள்தோறும் மாறுகிறது என்பதை முதலில் தெளிந்துகொள்ளுதல் நலம். முற்காலத்தில் ரூபாயின் வெளிமதிப்பை அரசே நிர்ணயித்தது. 1966 ஜூன் 6-ஆம் நாள் ஒரு டாலருக்கு 4.76 ரூபாய் என்றிருந்த விகிதம் ஒரே அறிவிப்பில் 7.50 ரூபாயாயிற்று. 1991 ஜூலையில் மீண்டும் இரு படிகளாக மதிப்பு குறைக்கப்பட்டது. 1993 மார்ச்சு முதல் விகிதத்தைச் சந்தையே தீர்மானிக்கிறது. ரிசர்வ் வங்கி தேவைப்படும்போது தலையிடுகிறது. எனவே காலையில் ஒரு விகிதமும் மாலையில் ஒரு விகிதமும் இருப்பது இயல்பு.

இந்தச் சந்தை விகிதத்தை அறிய ஓர் அளவுகோல் உண்டு. ஃபைனான்ஷியல் பெஞ்ச்மார்க்ஸ் இந்தியா என்னும் நிறுவனம் டாலர், பவுண்டு, யூரோ, யென் முதலியவற்றுக்கான குறிப்பு விகிதத்தை வேலை நாள்தோறும் வெளியிடுகிறது. 2018 ஜூலை வரை இப்பணியை ரிசர்வ் வங்கியே செய்து வந்தது. குறிப்பு விகிதம் என்பது எவரும் அந்த விலைக்கே மாற்றித் தருவார் என்னும் உறுதிமொழி அன்று. தமக்குக் கிடைத்த விகிதம் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று அளந்து பார்க்க உதவும் கோல் அது. வங்கி டாலரை வாங்கும்போது ஒரு விலையும் விற்கும்போது அதைவிடக் கூடிய விலையும் வைக்கும். இரண்டிற்கும் இடைப்பட்ட வெளியே இக்காலத்து வட்டம்.

இதனை ஒரு கணக்கால் விளக்கலாம். எண்கள் விளக்கத்திற்காக எடுத்துக்கொள்ளப்பட்டவை. நான்கு பருத்திச் சேலைகள் கொண்ட ஒரு பொதியின் விலை 200 டாலர் எனக் கொள்க. அன்றைய குறிப்பு விகிதம் 90 ரூபாய் எனக் கொள்க. முழு மதிப்பு 18,000 ரூபாய். நெசவாளருக்குக் கொடுத்தது 12,000. பொதிகட்டவும் அஞ்சலுக்கும் ஆனது 3,500. ஆக அடக்கம் 15,500 ரூபாய். பணம் பெற்றுத் தரும் நிறுவனம் வரி உட்பட 4 விழுக்காடு, அதாவது 8 டாலர், கட்டணம் பிடிக்கிறது. இதன் மதிப்பு 720 ரூபாய். இக்கட்டணத்தை விற்பவர் முன்னரே அறிவார். ஆகவே 1,780 ரூபாய் ஆதாயம் வரும் என்று எதிர்பார்க்கிறார்.

மீதி 192 டாலர். அது 90 ரூபாய்க்கு மாற்றப்படுவதில்லை. 3 விழுக்காடு குறைத்து 87.30 ரூபாய்க்கு மாற்றப்படுகிறது. டாலருக்கு 2.70 வீதம் 518.40 ரூபாய் இங்கே குறைகிறது. அந்நியச் செலாவணியை மாற்றும் சேவைக்கான ஜிஎஸ்டி 45 ரூபாய். கையில் வருவது 16,716.60 ரூபாய், ஆதாயம் 1,216.60 ரூபாய். எதிர்பார்த்த ஆதாயத்தில் 563.40 ரூபாய், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, மாற்றத்திலேயே போயிற்று. இதில் 45 ரூபாய் மட்டும் வரியென்ற தலைப்பில் சீட்டில் காணப்படும். 518.40 ரூபாய் எந்தச் சீட்டிலும் கழிவாக எழுதப்படுவதில்லை. ஏனெனில் அது கட்டணமாக அன்றி விகிதமாகப் பிடிக்கப்பட்டது. “கட்டணம் இல்லை” என்று விளம்பரம் செய்யும் இடத்தில் விகிதத்தையே முதலில் பார்க்க வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

இந்த 563.40 ரூபாயை நெசவாளரிடம் ஈடுகட்ட முனைந்தால் சேலை ஒன்றுக்கு ஏறத்தாழ 141 ரூபாய் குறைக்க நேரும். அவர் செய்யாத குறைக்கு அவர் தரும் தண்டம் அது. ஆகவே இழப்பைக் குறைக்கும் வழிகள் எவையென இனிக் காணலாம்.

முதல் வழி, ஒரு முறைக்கு மேல் மாற்றாதிருத்தல். விலை குறித்த நாணயம் ஒன்று, பணம் பெறும் கணக்கின் நாணயம் வேறொன்று, வங்கிக் கணக்கின் நாணயம் மற்றொன்று என்றிருந்தால் ஒரே பணம் இருமுறை மாற்றப்படும். சான்றாக, எட்சி தளத்தில் விலை குறித்த நாணயமும் பணம் பெறும் கணக்கின் நாணயமும் வேறுபட்டால் 2.5 விழுக்காடு மாற்றுக் கட்டணம் உண்டு. இது விற்பனைக் கட்டணமாகிய 6.5 விழுக்காட்டிற்குப் புறம்பானது. இங்கே 2.5 விழுக்காடும் அடுத்த படியில் 3 விழுக்காடும் போனால் மொத்தத்தில் 5.4 விழுக்காடு கரையும். கடை திறக்கும் நாளில் அமைப்புப் பக்கத்தில் இரண்டு நாணயங்களையும் ஒன்றாக்கிவிட்டால் முதற் கசிவு அன்றே அடைபடும்.

ரூபாயிலேயே விலை குறித்தால் மாற்றச் செலவு மறைந்துவிடாதா என்று சிலர் கேட்பதுண்டு. மறையாது, இடம் மாறும். அப்போது வாங்குபவரின் அட்டை வங்கியோ தளமோ அவரிடம் பிடித்துக்கொள்ளும். அவர் பார்த்த விலையும் செலுத்திய விலையும் வேறாகும். அடுத்த முறை வரத் தயங்குவார். வாங்குபவர் எந்த நாட்டில் மிகுதியோ அந்நாட்டு நாணயத்தில் விலை குறித்து, மாற்றச் செலவை விலைக்குள் முறையாகச் சேர்ப்பதே இருபாலார்க்கும் தெளிவு.

இரண்டாம் வழி, சிறு சிறு தொகையாக மாற்றாதிருத்தல். அந்நியச் செலாவணி மாற்றத்திற்கான ஜிஎஸ்டி, மாற்றும் முழுத் தொகையின் மீது விதிக்கப்படுவதன்று. ஒரு லட்சம் ரூபாய் வரை, தொகையின் 1 விழுக்காட்டைச் சேவை மதிப்பாகக் கொண்டு அதன்மேல் 18 விழுக்காடு வரி கணக்கிடுவது விதியில் உள்ள ஒரு முறை. ஆனால் அச்சேவை மதிப்பு 250 ரூபாய்க்குக் குறையக் கூடாது. எனவே ஒவ்வொரு மாற்றத்திற்கும் குறைந்தது 45 ரூபாய் வரி. 2,250 ரூபாய் மதிப்புள்ள 25 டாலரை மாற்றினாலும் 45. 25,000 ரூபாயை மாற்றினாலும் 45. பத்து விற்பனைகளைத் தனித்தனியே 25 டாலர் வீதம் மாற்றினால் 450 ரூபாய். பத்தையும் சேர்த்து ஒருமுறை மாற்றினால் 45 ரூபாய். சிறு பொருள் விற்போர்க்கு இவ்வேறுபாடு பெரிது.

சேர்த்து மாற்ற விரும்புவோர்க்கு இரு வரம்புகள் உண்டு. பணம் பெற்றுத் தரும் சில நிறுவனங்கள் டாலரை நிறுத்தி வைக்க இடந்தராமல் தாமாகவே மாற்றி வங்கிக்கு அனுப்பிவிடும். சேரும் முன்பே இதைக் கேட்டறிய வேண்டும். வங்கியில் ஈஈஎஃப்சி எனப்படும் அந்நியச் செலாவணி ஈட்டுவோர் கணக்கைத் திறந்தால், ஈட்டிய டாலரை டாலராகவே வைத்திருக்கலாம். ஆனால் அது வட்டி தராத நடப்புக் கணக்கு. மேலும் ஒரு மாதத்தில் சேர்ந்ததை, அனுமதிக்கப்பட்ட செலவுகள் போக, அடுத்த மாதக் கடைசி நாளுக்குள் ரூபாயாக்கிவிட வேண்டும் என்பது விதி. கணக்கின் பராமரிப்புச் செலவையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

மொத்தக் கொள்முதல் செய்வோர் வங்கி வழியாக நேரே பணம் அனுப்புவதும் உண்டு. அங்கே அனுப்பும் வங்கிக்கும் பெறும் வங்கிக்கும் நடுவே இடைநிலை வங்கிகள் நின்று தத்தம் பங்கை எடுத்துக்கொள்ளக் கூடும். செலவு முழுவதும் அனுப்புபவருடையதா, பகிரப்படுவதா, பெறுபவருடையதா என்பதை விலைப்பட்டியலிலேயே எழுதிவிட்டால் பின்னர் மனக்கசப்பு நேராது. தொகை பெரிதாயின், மாற்று விகிதத்தைச் சற்று உயர்த்தித் தருமாறு வங்கிக் கிளையில் கேட்கவும் இடமுண்டு. கேளாதவர்க்குப் பலகையில் உள்ள விகிதமே கிடைக்கும்.

மூன்றாவது, காலத்தால் வரும் இழப்பு. விற்ற நாளுக்கும் பணம் மாறும் நாளுக்கும் இடையே விகிதம் நகரும். 2013 மே மாதத் தொடக்கத்தில் டாலர் 54 ரூபாய் அளவில் இருந்தது. ஆகஸ்டு 28-இல் 68 ரூபாயைக் கடந்தது. அக்டோபரில் 61, 62 ரூபாய் அளவிற்குத் திரும்பிற்று. இன்னும் ஏறும் என்று ஆகஸ்டில் காத்திருந்தவர் இரண்டு மாதத்தில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கை இழந்தார். 2016 ஜூன் 24-இல், பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகும் வாக்கெடுப்பின் முடிவு வெளியானதும், பவுண்டு ஒரே நாளில் டாலருக்கு எதிராக ஏறத்தாழ 8 விழுக்காடு வீழ்ந்தது. முந்தைய நாள் பவுண்டில் விற்றுப் பணத்தை எதிர்நோக்கியிருந்த சிறு வணிகர் யாதொரு பிழையும் செய்யாமலே இழந்தார். இத்தகைய அசைவுகளை முன்னறிந்து ஆதாயம் காண முயல்வது வணிகமாகாது; அது சூதின் பாற்பட்டது. மாதத்தில் குறித்த ஒரு நாளோ இரு நாளோ வைத்து, ஏறினும் இறங்கினும் அன்று மாற்றுவது என்னும் ஒழுங்கே சிறு வணிகர்க்குப் பாதுகாப்பு. ஏற்றமும் இறக்கமும் ஆண்டளவில் ஒன்றையொன்று ஓரளவு ஈடுசெய்யும்.

நான்காவது, திருப்பியனுப்பப்படும் பொருளால் நேரும் இழப்பு. இதைப் பலர் கருதுவதே இல்லை. 200 டாலரை 87.30 வீதம் ரூபாயாக்கிய பின்னர் வாங்குபவர் சேலையைத் திருப்பிவிட்டார் எனக் கொள்க. இப்போது அதே 200 டாலரை வாங்கித் தர வேண்டும். மாற்றுபவர் விற்கும் விலை 3 விழுக்காடு கூடி 92.70 ரூபாய் ஆகும். சந்தை ஒரு காசும் அசையாத போதிலும் 1,080 ரூபாய் நட்டம், அஞ்சற்செலவு தனி. ஆகவே திருப்புதற்குரிய நாள்கள் முடியும் வரை அப்பணத்தை டாலராகவே நிறுத்திவைக்க வழியிருந்தால் அதுவே நன்று. வழியில்லாதபோது அளவு, நிறம், நூலின் தன்மை ஆகியவற்றை ஐயத்திற்கு இடமின்றி எழுதிவைத்தால் திருப்பல் குறையும். தெளிவான விவரணமும் நாணயமாற்று இழப்பைக் குறைக்கும் வழியே.

இவ்வளவு செய்த பின்னும் ஒரு பகுதி இழப்பு நிற்கவே செய்யும். அதை விலையில் சேர்க்கும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. 7 விழுக்காடு கழிகிறதென்று விலையில் 7 விழுக்காடு கூட்டினால் சரியாகாது. 100 ரூபாய் 107 ஆகி, அதில் 7 விழுக்காடு கழிந்தால் 99.51 ரூபாயே மிஞ்சும். கூட்டுவதை விடுத்து வகுக்க வேண்டும். முன்சொன்ன பொதிக்கு அடக்கமும் ஆதாயமும் சேர்ந்து 17,280 ரூபாய் கையில் வர வேண்டும். வரி 45 ரூபாயைச் சேர்த்தால் 17,325. இதனை உண்மையில் கிடைக்கும் விகிதமாகிய 87.30-ஆல் வகுத்தால் 198.45 டாலர். கட்டணம் 4 விழுக்காடு ஆதலால் 0.96-ஆல் வகுத்தால் 206.72 டாலர். ஆகவே விலை 207 டாலர் எனக் குறிக்க வேண்டும். ஏழு டாலர் கூடுதலால் வாங்குபவர் பின்வாங்குவது அரிது. அந்த ஏழு டாலர் இல்லாமையால் நெசவாளரின் வாழ்வு குறுகுவது எளிது.

ஆவணங்களைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். மாற்றச் செலவைத் தவிர்க்க எண்ணி, அயல்நாட்டில் வாழும் உறவினர் கணக்கில் பணத்தைப் பெற்று, குடும்பச் செலவுக்கு அனுப்பியதாக வரவழைக்கும் வழக்கம் சில இடங்களில் காணப்படுகிறது. இது தவறான வழி. வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு தொகைக்கும் ஒரு நோக்கக் குறியீடு உண்டு. குடும்பப் பராமரிப்பு என்று வந்த பணத்தை ஏற்றுமதி வரவாகக் காட்ட இயலாது. 2000 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி, ஏற்றுமதிக்குரிய பணம் குறித்த காலத்திற்குள் முறையான வழியில் வந்து சேர வேண்டும். சில நூறு ரூபாயைக் காக்கப் போய்ப் பெருஞ்சிக்கலை விலைக்கு வாங்குவது அறிவுடைமையாகாது.

முறையான வழி இன்று கடினமானதன்று. எல்லை கடந்த விற்பனைக்குப் பணம் பெற்றுத் தரும் நிறுவனங்கள் ரிசர்வ் வங்கியின் அனுமதியைப் பெற்றாக வேண்டும் என்று 2023 அக்டோபர் 31-இல் சுற்றறிக்கை வந்தது. ஆகவே அனுமதி பெற்ற நிறுவனமா என்று பார்த்துச் சேர்தல் முதற்கடன். அஞ்சல் துறையின் டாக் கர் நிர்யாத் கேந்திராக்கள் சிற்றூர்களிலிருந்தும் ஏற்றுமதிப் பொதிகளைப் பெற்று, அவற்றிற்குரிய ஏற்றுமதிப் படிவத்தை இணையவழி நிரப்ப உதவுகின்றன. அப்படிவமும், பணம் வந்ததற்கு வங்கி தரும் சான்றும், விலைப்பட்டியலும் ஒன்றோடொன்று பொருந்தி இருக்க வேண்டும். ஏற்றுமதிக்கு ஜிஎஸ்டியில் சுழிய விகிதம் உண்டு. அதன் பயனைப் பெற இந்தச் சான்றுகள் துணை நிற்கும்.

ஒரு செய்தியை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். சுங்கத்துறை தன் கணக்கிற்கென ஒரு மாற்று விகிதத்தை அறிவிக்கிறது. இறக்குமதிக்கு ஒன்றும் ஏற்றுமதிக்கு ஒன்றுமாக அது அமையும். விலைப்பட்டியலின் ரூபாய் மதிப்பு அதன்படி எழுதப்படும்போது, வங்கியில் வந்த தொகை அதனினும் வேறாகவே இருக்கும். இரண்டும் பொருந்தவில்லையே என்று திகைத்து எண்களைத் திருத்துவோர் உளர். திருத்த வேண்டியதில்லை. அவ்வேறுபாட்டை “நாணயமாற்று வேறுபாடு” என்னும் தனித் தலைப்பில், ஆதாயமாயின் ஆதாயமென்றும் நட்டமாயின் நட்டமென்றும் எழுதினால் போதும்.

அந்தத் தனித் தலைப்பே இவ்வுரையின் சாரம். பேரேட்டில் மாதத்திற்கு ஒரு பக்கம் ஒதுக்கி, வாங்குபவர் செலுத்திய டாலர், அன்றைய குறிப்பு விகிதப்படி அதன் மதிப்பு, கட்டணமாகப் போனது, கையில் வந்த ரூபாய் என நான்கு பத்திகள் இட்டால் போதும். இரண்டாம் பத்தியிலிருந்து மூன்றாவதையும் நான்காவதையும் கழித்தால் எஞ்சுவதே மறைந்திருந்த வட்டம். முதற் பத்தியை இளையவர் எழுதட்டும். கடைசிப் பத்தியை மூத்தவர் எழுதட்டும். கழித்தலை இருவரும் சேர்ந்து செய்யட்டும். மூன்று மாதம் எழுதினால் எந்த நிறுவனத்தில் எவ்வளவு கசிகிறது, எதை மாற்றலாம், எதை விலையில் சேர்க்க வேண்டும் என்பது தானே விளங்கும். ஆண்டு இறுதியில் ஆதாயம் குறைந்திருப்பின் காரணத்தைத் தேடி நெசவாளர் வீட்டுத் திண்ணைக்குச் செல்ல வேண்டியதில்லை. அது பேரேட்டிலேயே எழுதப்பட்டிருக்கும்.

கடல் கடந்து விற்கும் வாய்ப்பு, முன்னர்ப் பெருவணிகர்க்கே உரியதாயிருந்தது. இன்று சிறு குடும்பங்களுக்கும் கிட்டியுள்ளது. அதன் பயன் சேலை நெய்தவர், பொதி கட்டியவர், விற்றவர் ஆகிய அனைவரையும் சென்றடைய வேண்டுமாயின் நடுவில் கரைவது எவ்வளவு என்பது அனைவரும் அறிந்ததாக இருத்தல் வேண்டும். அக்கணக்கை வரும் மாதத்திலேயே தொடங்கும் குடும்பங்கள் பெருகுக.